கிறிஸ்துமஸ் ஏன் டிசம்பர் 25 அன்று கொண்டாடப்படுகிறது?

கிறிஸ்துமஸ் என்பது இயேசு பிறந்ததை நினைவுகூரும் விழா. அது பதிவில் உள்ள பிறந்த தேதி அல்ல. அவருடைய பிறப்பை விவரிக்கும் மத்தேயு, லூக்கா நற்செய்திகள் இரண்டிலும் நாளோ மாதமோ இல்லை. பிறந்த தேதி தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஒரு தேதியை எழுதிவிட, அதுவே பிறந்தநாளாக நிலைத்துவிடுவதைப் போன்றதுதான் இது. ஆசிரியர் எதை மனத்தில் வைத்து எழுதினார் என்பதில்தான் விவாதம்.

ரோமில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில், டிசம்பர் 25 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' (அதாவது சூரியக் கடவுளின் பிறந்தநாள்) என்றும், அன்று 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் உள்ளது; அதே நூலின் வேறொரு பட்டியல், அதே நாளில் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. பேரரசர் ஆரேலியன் 274இல் உயர்த்திய சூரிய வழிபாட்டுக்கு மாற்றாகவே இவ்விழா வந்தது என்பது ஒரு தரப்பு. இயேசு கருவில் உருவானதும் சிலுவையில் இறந்ததும் ஒரே தேதியில், அதாவது மார்ச் 25இல் என்று நம்பிய கிறிஸ்தவர்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மறுதரப்பு. ரோமப் பேரரசின் கிழக்கில் அந்தத் தேதியை ஏப்ரல் 6 என்று கொண்டு எண்ணியதால் ஜனவரி 6 கிடைத்தது என்றும் விளக்குவதால், இரண்டாவது வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது.

ரஷ்யர்கள் ஜனவரி 7இல் கொண்டாடுவதை இன்னொரு தேதி என்று பலர் கருதுகிறார்கள். அது, இப்போது நம் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியிருக்கும் பழைய ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25தான்.