டொக்கில் செருகிய ஹார்ட் டிஸ்க் ஏன் இழுபடுகிறது?

கேள்வி: கொக்குவிலில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். லப்டொப்பை டைப்-சி டொக் (ஒரே கேபிளில் பல துளைகளைத் தரும் பெட்டி) ஒன்றில் போட்டு, 4கே மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றையும் அதிலேயே கொடுத்திருக்கிறேன். அண்மையில் 8 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 5 ஜிகாபிட் என்று போட்டிருக்கிறது. ஆனால் 400 ஜிகாபைட் உள்ள ஒரு கல்யாணத்தை ஏற்ற மூன்று மணித்தியாலம் போகிறது. டிஸ்க் பழுதா, மாற்றிக் கேட்கலாமா? ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்குக்கு ஏதும் ஆகுமா?

பதில்: டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்கிலேயே விடை இருக்கிறது. 400 ஜிகாபைட்டை மூன்று மணித்தியாலத்தால் பிரித்தால் செக்கனுக்கு 37 மெகாபைட் வருகிறது. 2000ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0இல் கையில் கிடைக்கிற வேகம் இதுதான். அதற்கு ஏட்டில் 480 மெகாபிட் என்று இருக்கும். அதை எட்டால் பிரித்து, இடையில் போகும் செலவையும் கழித்தால் 35 முதல் 40 மெகாபைட் மிஞ்சும். உங்களுடையதைப் போன்ற மூன்றரை அங்குல டிஸ்க், வெறுமையாக இருக்கும்போது செக்கனுக்கு 180, 200 மெகாபைட் அளவில் எழுதக்கூடியது. அதே கல்யாணம் முக்கால் மணித்தியாலத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். அப்படியென்றால் டிஸ்க்குக்கும் லப்டொப்புக்கும் நடுவே எங்கோ பாதை ஒடுங்கியிருக்கிறது. உங்கள் விபரத்தைப் பார்த்தால், டொக்கையும் அதில் பூட்டிய 4கே மொனிட்டரையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

மொனிட்டருக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். டைப்-சி கேபிளுக்குள் வேகமான பாதைகள் நாலு உண்டு. அவற்றைவிட, பழைய யூஎஸ்பி 2.0க்கென்று ஒரு சோடிக் கம்பி தனியாக ஓடுகிறது. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு இல்லாத சாதாரண டைப்-சி டொக், படத்தையும் தரவையும் இந்த நாலு பாதைக்குள்தான் பங்குபோட வேண்டும். படத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என்று பிரித்தால் டிஸ்க்குக்கு 5 அல்லது 10 ஜிகாபிட் கிடைக்கும். ஆனால் 4கே படத்தை 60 ஹேட்ஸில், அதாவது செக்கனுக்கு 60 தடவை காட்டுவதற்கு, டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட இணைப்பின் 1.2 தலைமுறை டொக்குக்கு இரண்டு பாதை காணாது. ஆகவே சில டொக்குகள் நாலையும் படத்துக்கே கொடுத்துவிடும். அப்போது கீபோர்ட், மவுஸ், இன்டர்நெட், உங்கள் 8 டெராபைட் டிஸ்க் எல்லாம் அந்தப் பழைய சோடிக் கம்பிக்குள் தள்ளப்படும். டொக்கின் யூஎஸ்பி துளை வேகமான யூஎஸ்பி 3க்குரிய நீல நிறத்தில் இருக்கும், டிஸ்க்கும் நல்ல டிஸ்க்காக இருக்கும், ஆனால் வேகம் 37ஐத் தாண்டாது. லப்டொப், டொக் இரண்டும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஆக இருந்தால் இரண்டு பாதையிலேயே 4கே 60 ஹேட்ஸ் ஓடும். அங்கே இந்தத் தலைவலி குறைவு.

மொனிட்டரை 30 ஹேட்ஸுக்கு இறக்கிவிட்டால் டிஸ்க் வேகமாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்பி இருக்கமாட்டேன். எத்தனை பாதை எதற்கு என்பது டொக்கைச் செருகும் கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு வின்டோஸில் ஹேட்ஸை மாற்றுவதால் பல டொக்குகளில் பங்கு மாறாது. ஆனால் டைப்-சி துளையுள்ள சில மொனிட்டர்களில், மொனிட்டரின் சொந்த மெனுவிலேயே படத்துக்கு முன்னுரிமையா தரவு வேகத்துக்கு முன்னுரிமையா என்று தெரிவு செய்யலாம். உங்கள் மொனிட்டரையே டொக் போலப் பாவிக்கும் நிலை வந்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

சந்தேகத்தை உறுதிப்படுத்துவது இலகு. 20 ஜிகாபைட் அளவான ஒரே வீடியோ கோப்பை எடுங்கள். ஆயிரக்கணக்கான போட்டோ உள்ள ஃபோல்டர் வேண்டாம், சின்னக் கோப்புகள் எந்த ஹார்ட் டிஸ்க்கிலும் மெதுவாகத்தான் ஏறும். டிஸ்க்கை அதன் சொந்தக் கேபிளோடு நேரே லப்டொப்பின் துளையில் செருகி, கோப்பைக் கொப்பி பண்ணுங்கள். முதல் சில செக்கன்களில் வின்டோஸ் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள், அது லப்டொப்பின் நினைவகத்துக்குள் நிரப்புகிற வேகம். ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். நேரே செருகும்போது 150க்கு மேல் நின்று, டொக்கில் 40க்குள் நின்றால் டொக்கின் பாதைதான் காரணம். மக் வைத்திருப்பவர்களுக்குக் கொப்பி பண்ணவே தேவையில்லை. சிஸ்டம் இன்ஃபோமேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால், டிஸ்க்கின் பெயருக்குக் கீழே 480 மெகாபிட்டா 5 ஜிகாபிட்டா என்று எழுதியிருக்கும்.

நேரே செருகியும் 37 என்றால் கேபிளைப் பாருங்கள். போனோடு வரும் டைப்-சி சார்ஜர் வயர்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 தரவு மட்டும் கொண்டுபோகிறவை. தலை ஒரே மாதிரி இருப்பதால் மேசையில் கிடந்ததை எடுத்துச் செருகிவிடுகிறோம். டொக்கிலும் எல்லாத் துளையும் ஒன்றல்ல. கீபோர்டுக்கென்று விட்ட துளைகள் 2.0 ஆக இருக்கலாம்.

வேகம் ஒரேயடியாக 37இல் நிற்காமல், முதலில் 180க்குப் போய், கொஞ்ச நேரத்தில் சரிந்து, ஏறி இறங்கினால் அது வேறு கதை. பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் தரவுத் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று படிய எழுதுவார்கள். நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போது அவை மூச்சு வாங்கும். அதற்கு எந்த டொக்கும் மருந்தல்ல.

சரி, என்ன செய்வது? என் தீர்ப்பு ஒன்றுதான்: டிஸ்க்கை டொக்கிலிருந்து எடுத்து லப்டொப்பிலேயே செருகுங்கள். ஒரே கேபிளில் எல்லாம் என்பதற்காகத்தானே டொக் வாங்கினோம் என்று மனம் ஒப்பாது. ஆனாலும் மொனிட்டரும் கீபோர்டும் டொக்கில் இருந்தால் ஒரு நட்டமும் இல்லை. பிழைப்பு முழுவதும் தங்கியிருக்கும் டிஸ்க், இடையில் இன்னொரு பெட்டி இல்லாமல் போவதுதான் நல்லது. உங்கள் டிஸ்க்குக்கு லப்டொப்பின் சாதாரண 5 ஜிகாபிட் நீலத் துளையே தாராளம். சுழல்கிற டிஸ்க் எதுவும் அதை நிரப்பாது. 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட் என்று காசைக் கொட்ட வேண்டியது சுழலாத எஸ்எஸ்டி வாங்கும்போதுதான். அங்கேயும் 20 என்று போட்டதை நம்பி வாங்காதீர்கள். அந்த வகை 20 ஜிகாபிட்டை ஆதரிக்கும் லப்டொப்புகள் குறைவு, மற்றவற்றில் அது 10 ஆகத்தான் ஓடும்.

லப்டொப்பில் வேறு துளையே இல்லை என்றால், லப்டொப்பில் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். மொனிட்டரை அதில் நேரே கொடுத்துவிட்டு, டொக்கைக் கழற்றித் திரும்பச் செருகினால் சில டொக்குகள் தரவுக்குப் பாதை விடும். சில விடாது, அவை கட்டப்பட்ட விதமே அப்படி. செய்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே 30 ஹேட்ஸ்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். எடிட்டிங்கில் அது கண்ணை உறுத்தும்.

கடைசி வழி தண்டர்போல்ட் டொக். 2015இல் வந்த தண்டர்போல்ட் 3இலேயே கேபிளின் கொள்ளளவு 40 ஜிகாபிட். படம் தன் பங்கை எடுத்த பிறகும் டிஸ்க்குக்கு வேண்டியது மிஞ்சும். ஆனால் லப்டொப்பின் துளைக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அது இல்லாத லப்டொப்பில் விலைகூடிய அந்த டொக் பாதி வேலையும் செய்யாமல் போகலாம். டிஸ்ப்ளேலிங்க் என்று இன்னொரு வகை உண்டு. அது படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாகவே அனுப்பும், லப்டொப்பின் புரசசரும் அதற்கு உழைக்க வேண்டும். அலுவலகக் கணக்கு வேலைக்குப் பரவாயில்லை, வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு நான் சொல்லமாட்டேன். அடியில் பொருத்தும் பழைய டொக்கோடு கைமாறிய லப்டொப் வைத்திருப்பவர்கள், அதில் ஈசாட்டா என்ற, டிஸ்க்குக்கென்றே உள்ள துளை இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த டொக்குகள் சிலவற்றில் யூஎஸ்பி எல்லாம் 2.0 ஆக இருந்தாலும் ஈசாட்டா ஒரு ஹார்ட் டிஸ்க்கை முழு வேகத்தில் ஓட்டும்.

இனி கரண்ட். உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். வேகம் குறைந்தால் நேரம் மட்டும்தான் போகும். எழுதும் நடுவில் டிஸ்க் அணைந்தால் கல்யாணமே போகலாம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும், மாரிக் காற்றுக்கு ஒரு கிளை வயரில் விழுந்தால் போதும்.

லப்டொப்பில் பட்டரி இருப்பதால் நமக்குப் பயம் இல்லை. ஆனால் டொக்குக்குப் பட்டரி இல்லை. கரண்ட் போகும் அந்தக் கணமே டொக் செத்துவிடும், அதில் தொங்கிய டிஸ்க்கும் பிடுங்கப்பட்டதுபோலாகிவிடும். உங்கள் மூன்றரை அங்குல டிஸ்க் 12 வோல்ட் அடப்டரில் ஓடுவது, ஆகவே நேரே லப்டொப்பில் செருகியிருந்தாலும் அது அணையும். டிஸ்க்கின் ஊசி தானாகவே பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பாதியில் நின்ற எழுத்துத்தான் ஆபத்து. இதற்கு யூபிஎஸ் ஒன்று கட்டாயம். டிஸ்க் அடப்டரையும் டொக் அடப்டரையும் அதில் கொடுங்கள். லேசர் பிரிண்டரை அதில் கொடுக்காதீர்கள். டிஸ்க் எடுப்பது 10, 20 வாட்ஸ்தான். சின்ன 650 விஏ யூபிஎஸ்கூட, ஓடும் கொப்பியை நிறுத்தி டிஸ்க்கை முறையாகக் கழற்றுவதற்கு நேரம் தரும். வீட்டில் இன்வேர்ட்டர் இருந்து, அதில் யூபிஎஸ் மோட் என்று சுவிட்ச் இருந்தால் அதிலேயே விடுங்கள். மற்ற மோடில் மின்சாரம் மாறும் இடைவெளி கூட.

வெளிவேலைக்குக் கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அது யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், நேரே லப்டொப்பில் செருகினால் கரண்ட் போனாலும் லப்டொப்பின் பட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். 5, 6 டெராபைட் வரை கிடைக்கிறது. வேகம் 100, 130 மெகாபைட் அளவுதான். மூடியைச் சாத்தி டொக்கில் வைத்து வேலை செய்கிறவர் என்றால், பட்டரியில் இருக்கும்போது மூடி சாத்தினால் ஒன்றும் செய்யாதே என்று வின்டோஸில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் லப்டொப் உறங்கப் போய், கொப்பியும் நின்றுவிடலாம்.

டிஸ்க்கை நிரப்புவதற்கு முன் இன்னொன்று பாருங்கள்: அது எந்த வடிவத்தில் ஃபோமட் ஆகியிருக்கிறது? எக்ஸ்ஃபாட் என்றால், திடீரென்று அணையும்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்துவைக்கும் பதிவேடு அதற்கு இல்லை. என்டிஎஃப்எஸுக்கு உண்டு. வின்டோஸ் மட்டும் பாவிக்கிறீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். மக் வைத்திருக்கும் நண்பருக்கு அடிக்கடி கொடுப்பவர் எக்ஸ்ஃபாட்டோடு இருக்க வேண்டியதுதான், மக் என்டிஎஃப்எஸில் தானாக எழுதாது. வின்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகள் விரைவாகக் கழற்றும் முறையில்தான் வருகின்றன. வேகம் கூடும் என்று யாராவது சொன்னால், யூபிஎஸ் இல்லாமல் அதை மாற்ற வேண்டாம். டொக் கேபிளை இழுத்துக்கொண்டு எழும்புவதற்கு முன், சேஃப்லி ரிமூவ் கொடுங்கள். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. அதனால் இரண்டு டிஸ்க்கில் ஏறி, இரண்டிலும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கமரா காட்டை அழியுங்கள்.

டிஸ்க் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹேட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. மவுஸுக்காக யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவரை ஒரு நீட்டுக் கேபிளில் டிஸ்க்கிலிருந்து தள்ளி வைத்தால் சரியாகிவிடும். டிஸ்க்கை டொக்கின்மேல் வைக்காதீர்கள், இரண்டுமே சூடாகிறவை. வெளி டிஸ்க்குகள் பலவற்றுக்கு 35 பாகை வரைதான் அறை வெப்பம் என்று எழுதியிருக்கும். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழ் உள்ள ஸ்ரூடியோ அதைத் தாண்டும், விசிறிக் காற்று படும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

புது டொக் வாங்குவதென்று முடிவெடுத்தால் லப்டொப்பையும் டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் 4கே மொனிட்டர் ஒன்றைப் பூட்டி, 60 ஹேட்ஸில் விட்டு, அந்த 20 ஜிகாபைட் கோப்பைக் கொப்பி பண்ணச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் 150க்கு மேல் நின்றால் காசைக் கொடுங்கள்.