கழுத்து கைக்குப் பொருந்துகிறதா? எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். ஒன்றின் கழுத்து மெல்லியது, தந்தியின் நீளம் 25.5 அங்குலம். விரல் வேகமாக ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. மற்றொன்று 24.75 அங்குலம், கழுத்து உருண்டு தடித்தது. வலி இல்லை, ஆனால் தந்திகள் உயரமாக இருப்பதால் அழுத்துவது கடினமாக உள்ளது. நான் பெரும்பாலும் பாரே கார்டுகள்தான் (ஒரே விரலால் பல தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிப்பவை) வாசிக்கிறேன்.

பதில்: நீங்கள் ஒப்பிட்டது இரண்டு கழுத்துகளை மட்டும் அல்ல, இரண்டு வேறுபட்ட செட்டப்புகளையும், அதாவது தந்தியின் உயரம் முதலியவற்றைச் சீர்செய்த நிலைகளையும் சேர்த்துத்தான். தந்தியின் உயரம், உடல் பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் திருகி மாற்றக்கூடியது; கழுத்தின் தடிமன், வடிவம், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் நட் பகுதியின் அகலம், நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையிலான தந்தியின் நீளம், ஃப்ரெட்டுகள் (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) உள்ள பலகையின் வளைவு ஆகியவை நீங்கள் அந்தக் கிட்டாரை வைத்திருக்கும் காலம் முழுவதும் மாறாதவை. ஆகவே இரண்டிலும் ஒரே தடிமனுள்ள தந்திகளைப் போட்டு, 12ஆவது ஃப்ரெட்டில் மெல்லிய தந்திக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு வைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் வாசியுங்கள்.

25.5 அங்குலம் என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் மாதிரிகளின் அளவு, அதாவது சுமார் 648 மில்லிமீட்டர். லெஸ் பால் மாதிரிக்குச் சொல்லப்படும் அளவு 24.75 அங்குலம். ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் குறுகிய அளவில் இழுவிசை குறைவாக இருப்பதால் தந்தியை வளைப்பது எளிது, ஃப்ரெட்டுகளும் சற்று நெருங்கி அமையும். பலகையின் வளைவையும் கவனியுங்கள்; அது வட்டத்தின் ஆரமாகச் சொல்லப்படுவதால், எண் கூடக் கூடப் பலகை தட்டையானது. பழைய ஃபெண்டர் மாதிரிகளின் 7.25 அங்குல வளைவு பாரே கார்டுக்கு இதமானது, ஆனால் தந்தியைத் தாழ்வாக வைத்து மேல் ஃப்ரெட்டுகளில் வளைத்தால் ஒலி பாதியில் அடைபடும். 12 அங்குலம் போன்ற தட்டையான பலகையில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

மெல்லிய கழுத்து எல்லோருக்கும் எளிது என்ற நம்பிக்கையில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கடையில் பத்து நிமிடம் வாசித்தபோது இருந்த சுகத்தை நம்பி, மிக மெல்லிய கழுத்துள்ள ஒன்றை வாங்கினேன். உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காமல் கட்டைவிரலே முழு அழுத்தத்தையும் சுமந்ததால், ஒரு வருடத்திற்குள் அதை நட்டத்திற்கு விற்றேன். உங்கள் கை இப்போதே அதே எச்சரிக்கையைத் தருகிறது. செட்டப் சமமான பிறகு உட்கார்ந்தும் நின்றும் அரை மணி நேரம் வாசித்துப் பாருங்கள். அப்போதும் முதல் கிட்டார் வலி தந்தால், தயங்காமல் தடித்த கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறம் பிடித்ததால் படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டேன். கழுத்து மிகவும் தடிமனாக உள்ளது. தேய்த்து மெலிதாக்கலாமா?

பதில்: கூடாது. கழுத்தின் அளவு விவரக்குறிப்பிலேயே இருந்திருக்கும், அதைப் படிக்காமல் பணம் கட்டியிருக்கிறீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள்.

கேள்வி: புதிய கிட்டார். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்கவே முடியவில்லை. “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: பல ஆண்டுகளாக என்னைக் கோபப்படுத்தும் வாக்கியம் இது. முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) பூட்டி, அதே கார்டை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று எளிதானால், குறை உங்கள் விரலில் இல்லை. நட்டில் தந்தி அமரும் பள்ளங்கள் போதிய ஆழத்திற்கு அறுக்கப்படவில்லை என்றே பொருள். அத்தகைய நட் கையை வலிக்கச் செய்வதோடு, கீழ் ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போது சுருதியையும் ஏற்றிவிடும். பழகினால் விரல் நுனி கெட்டிப்படும் என்பது உண்மைதான், ஆனால் எத்தனை மாதம் பழகினாலும் நட்டின் பள்ளம் தானாக ஆழமாகிவிடாது. கழுத்தின் வளைவைச் சரிபார்ப்பது, நட்டை அறுப்பது, பிரிட்ஜின் உயரத்தையும் சுருதியையும் ஒழுங்குபடுத்துவது, வறண்ட காலத்தில் மரம் சுருங்கி வெளியே நீட்டும் ஃப்ரெட் முனைகளை அராவுவது ஆகிய அனைத்தும் தேர்ந்த கைவினைஞருக்கு அன்றாட வேலை. அதைச் செய்யாமல் விற்றுவிட்டு, தொடக்க நிலை மாணவரிடம் அவருடைய விரல்களையே குற்றம் சொல்வது நியாயமற்றது. தனக்குக் கை வராது என்று நம்பி வாத்தியத்தையே கைவிட்டவர்களை நான் நேரில் அறிவேன். செட்டப் செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கிட்டாரைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பிரபலமான கலைஞர் ஒருவர் வாசிக்கும் அதே மாதிரியை வாங்கலாமா?

பதில்: அது அவருடைய கைக்குப் பொருந்தியது என்பதற்கு மேல் எதுவும் அதிலிருந்து தெரியாது.

கேள்வி: “புதிது போன்றது” என்ற விளம்பரத்தை நம்பிப் பழைய கிட்டார் ஒன்றை வாங்கினேன். டிரஸ் ராட் முழுவதும் முறுக்கப்பட்டும் கழுத்து வளைந்தே இருப்பதாகப் பழுதுபார்ப்பவர் சொல்கிறார். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார் விற்றவர்.

பதில்: இது உங்கள் தவறு அல்ல. டிரஸ் ராட் என்பது தந்திகளின் இழுவைக்கு எதிராகக் கழுத்தைத் தாங்கும் உள் எஃகுக் கம்பி; அதை இனியும் முறுக்க இடமில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. மங்கலான வெளிச்சத்தில் முறுகிய கழுத்துள்ள கிட்டாரை வாங்கி, விற்றவர் தொலைபேசியை எடுக்காமல் போன அனுபவம் எனக்கும் உண்டு. ஆகவே உங்களை அலட்சியமானவர் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். பழுதுபார்ப்பவரிடம் குறையை எழுதி வாங்கி, விளம்பரத்தின் படத்தையும் உரையாடல்களையும் சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அங்கும் உடனே புகாரைப் பதிவு செய்யுங்கள். அதுவரை கழுத்தில் எந்தப் பழுதுவேலையும் செய்ய விடாதீர்கள்.

பழைய கிட்டார் வாங்க இருக்கும் மற்றவர்கள் ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டின் அருகே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மிகப் பெரிய இடைவெளி இருந்தால், டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கிக் காட்டும்படி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் கிட்டாரை வாங்காதீர்கள்.