அப்பாவின் ஜீப்பும் ஐப்பசிப் பள்ளமும்

கேள்வி: என் அப்பா சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூர் மலைக்கும் அங்குள்ள மாக்கம்பாளையத்துக்கும் முப்பது வருடம் ஜீப் ஓட்டியவர். எனக்குப் பத்தொன்பது வயதில் அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துத் தந்தார். கல்யாணமாகித் திருப்பூர் வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது வயது 41. சென்ற ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். அவருடைய மகேந்திரா எம்.எம். 540 மூன்று வருடமாகச் சாளையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. வருகிற திவசத்தன்று தனியாக அதை ஓட்டி, சக்கரைப்பள்ளம் என்ற காட்டோடையைக் கடந்து மாக்கம்பாளையம் போய்வர ஆசைப்படுகிறேன். அம்மா அழுகிறார், தம்பி வண்டியை விற்கலாம் என்கிறான். எந்தப் பள்ளமானாலும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, தடியோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் ஜீப்பை இறக்குவார். அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நான் நினைப்பது சரிதானா?
— வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் திவசத்தன்று போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

ஐப்பசி வடகிழக்குப் பருவமழையின் மாதம். குரும்பூர்ப்பள்ளமும் சக்கரைப்பள்ளமும் பெருகினால் மாக்கம்பாளையம் வழியில் வண்டிகள் கரையிலேயே காத்துக் கிடந்ததை உங்கள் அப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை செந்நீராக வந்து இறங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மனநிலை. திவசத்தன்று கரையில் நிற்கும் மகளுக்கு, தண்ணீர் அதிகமாக இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றாது. அப்பா தடியோடு இறங்கினார் என்றால், கடப்பதா திரும்புவதா என்பதை அந்தத் தடி சொல்லும்வரை அவர் முடிவு செய்யவில்லை என்றுதானே பொருள்? நீங்கள் நாளையும் இடத்தையும் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். திவசத்தை வீட்டில் கொடுங்கள். பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அதுவரை செய்ய வேண்டிய வேலை நிறையவே இருக்கிறது. பத்தொன்பது வயதில் எடுத்த உரிமம் அன்றைய விதிப்படி இருபது ஆண்டுகளுக்குத்தான் என்பதால், உங்களுடையது காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி நீங்கள் ஓட்டுநர் தேர்வில் மறுபடியும் தேற வேண்டும். வண்டியும் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது; ஆனாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வாரிசுச் சான்றிதழோடு அம்மா, தம்பி இருவரின் சம்மதமும் வேண்டியிருக்கும். ஆகவே அவர்களோடு பேசாமல் இந்த ஜீப் சாளையை விட்டு நகராது. அதுவும் நல்லதற்கே என்று எனக்குப் படுகிறது.

இனி வண்டி. பியூஜோ உரிமத்தில் செய்த அந்த டீசல் எஞ்சின் முரட்டு ஜாதி. பேட்டரி மாற்றினால் கிளம்பிவிடும், அங்கேதான் ஆபத்து. கிளம்புகிற வண்டி நிற்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர்கள் இறுகியிருக்கும், டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் தங்கியிருக்கும். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை முழங்கால் தண்ணீர்தானே என்று ஒரு பள்ளத்தில் ஜீப்பை இறக்கிவிட்டு, மறுவாரம் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் சுழலும் பெட்டியின் எண்ணெயை, அதாவது கிரவுன் ஆயிலைத் திறந்தேன்; தண்ணீர் கலந்து மோர் போல வெளுத்து ஒழுகியது. மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை, விரலில் தொட்டு என் கண் முன்னே நீட்டினார். பள்ளம் கடந்த வண்டிக்கு அந்த எண்ணெயைப் பார்ப்பது கட்டாயம். எஞ்சின் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போனாலோ, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

பயிற்சியை உங்கள் தோட்டத்து இட்டேரியில், அந்த வேலிகளுக்கு நடுவே போகும் மண்தடத்தில், தொடங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும்படி முன்சக்கர ஹப்பைப் பூட்டி, லோ கியரில் போட்டு, கிளட்சில் காலை வைக்காமல் ஆள் நடக்கும் வேகத்தில் போய்ப் பழகுங்கள். இறக்கத்தில் வண்டியை எஞ்சினே பிடிக்கட்டும். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே கோக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெட்டித் திரும்பும், விரல் தாங்காது. அப்பா இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் கை தானாகவே நினைவுக்குக் கொண்டுவரும். முதல் நாள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார அழையுங்கள். முப்பது வருடம் அந்த ஜீப் திரும்பி வரும் சத்தத்துக்காக இரவில் காத்திருந்தவர் அவர். அவருடைய பயத்தைத் தடை என்று எண்ண வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த மலைக்காடு 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். ஊருக்குப் போகும் பாதையை விட்டுக் காட்டுத் தடத்திலோ, ஓடையிலோ விளையாட்டாக வண்டியை இறக்கினால் வனத்துறை வழக்குப் போடும்; போடவும் வேண்டும். அப்பா அங்கே ஓட்டியது பிழைப்புக்காக. அந்த ஊர்களுக்கு வேறு வழி இல்லாததற்காக. காலையில் கிளம்பி, யானை இறங்கும் நேரத்துக்கு முன் கடம்பூர் திரும்பிவிடுங்கள். கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டியும், தடம் தெரிந்த ஓர் ஆளும் கூட வரட்டும்.

தம்பியிடம் விலை பேசுவதைத் தை வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியபின் அவரே பின்வண்டியை ஓட்டி வரட்டும். விற்பதா வைத்திருப்பதா என்பதை மாக்கம்பாளையம் போய்வந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.