மீனவர்களும் வர வேண்டுமென்றால் கரைவலையில் தொடங்குங்கள்

வணக்கம். திருகோணமலையில் ‘தொழில்நுட்பமும் சமூகமும்’ என்று மாதப் பேச்சு நடத்துகிறீர்கள், மாணவர்கள் மட்டும்தான் வருகிறார்கள், கடற்கரை ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். செயற்கை நுண்ணறிவில் தொடங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கரைவலையில் தொடங்குங்கள். பலர் கூடிக் கரையில் நின்று கையால் இழுத்த வலையை டிரக்டரில் பூட்டிய வின்ச், அதாவது கயிறு சுருட்டும் பொறி, இழுக்கத் தொடங்கியபோது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஆட்செலவு குறைந்தது, இழுத்தவர்களின் பங்கு போனது. இதைப் பேச அவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஒரு கரைவலைத் தொழிலாளியை மேடையில் உட்கார வையுங்கள், பேராசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். 1989இல் கனடிய வானொலியில் இதே பொருளில் தொடர் உரை ஆற்றிய உலோகவியலாளர் ஊர்சுலா பிராங்க்ளின், வேலை யாருடைய கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதையும் தொழில்நுட்பத்துக்குள்ளேயே வைத்துப் பேசினார். அந்தக் கேள்வி நம் கரைக்கு அப்படியே பொருந்தும்.

அடுத்த மாதப் பேச்சுக்கு, நம் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதால் வந்தவை அவை.

அப்புறம் நாள். பௌர்ணமியை ஒட்டி இரவு மீன்பிடி குறையும், அன்று போயா என்ற பௌர்ணமி விடுமுறை என்பதால் மாணவர்களுக்கும் வசதி. அன்று மாலை, மண்டபத்தை விட்டுவிட்டு மீனவர்களின் கடற்கரைக் கொட்டிலான வாடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.