வளைவாக உடைந்தால் ஸ்படிகமா?

கேள்வி: ஸ்படிக மாலை வாங்கினேன். வியாபாரி ஒரு மணியை உடைத்து, 'பாருங்க, வளைவு வளைவா உடைஞ்சிருக்கு, கண்ணாடி இப்படி உடையாது' என்றார். நம்பலாமா? எங்கள் கடற்கரையில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கல்லும் உடைந்த இடத்தில் மின்னுகிறது. அதுவும் ஸ்படிகமா? (வாசகர், காசிமேடு)

பதில்: மாலை அசலாகவே இருக்கலாம். ஆனால் அவர் காட்டியது அத்தாட்சி இல்லை. உங்கள் கடற்கரையிலேயே பாட்டில் சில்லு கிடக்கும், எடுத்துப் பாருங்கள் (கை பத்திரம்). சிப்பியின் உட்புறம் போல அதே வளைவு, அதே அலைக்கோடுகள். ஸ்படிகத்துக்குள் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு பிணைந்திருக்கின்றன. இங்கே பிளந்துகொள் என்று சொல்லும் பலவீனமான தளம் கிடையாது. கண்ணாடியில் அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கே இல்லை, அதனால் அதிலும் தளம் இல்லை. காரணம் வேறு, முறிவு ஒன்று.

கருங்கல்லில் மின்னுவது பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அது ஏறக்குறைய செங்குத்தான இரண்டு திசைகளில் தட்டையாகப் பிளக்கும். புதிதாக உடைந்த சில்லை வெயிலில் மெல்லத் திருப்புங்கள். படிப்படியாக இருக்கும் முகங்கள் எல்லாம் ஒரே நொடியில் பளிச்சிட்டு, ஒரே நொடியில் அணையும். பக்கத்திலேயே எண்ணெய் தடவியது போல மங்கலாக, தட்டை முகமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கிறதே, குவார்ட்ஸ் அதுதான். ஸ்படிகம் என்பதும் தெளிந்த குவார்ட்ஸ்தான்; இது உங்கள் ஸ்படிகத்தின் ஏழைப் பங்காளி! ஏடு ஏடாக உரிந்து வந்தால் காக்காப்பொன்.

தளம் இல்லாத கல்லின் அருமை ஆதிமனிதனுக்குத் தெரிந்திருந்தது. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் மேற்பக்கம், அதிரம்பாக்கத்தில், குவார்ட்ஸைட்டை (குவார்ட்ஸ் மணிகள் இறுகிய பாறை) தட்டிக் கூராக்கிய கைக்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள். எங்கே தட்டினால் எப்படிச் சில்லு பெயரும் என்று அவனுக்கு அத்துப்படி. உங்கள் வியாபாரிக்குப் பாதிதான் தெரிகிறது.

சரி, மாலைக்கு வருவோம். மெக்கானிக் ஷெட்டில் ஒரு நல்ல அரம் வாங்கி, உடைந்த மணியில் தேயுங்கள். கண்ணாடி என்றால் அரம் கீறும். குவார்ட்ஸின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில், 7; அரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் வழுக்கும். மீதி மணிகளை லென்ஸில் பாருங்கள்: உருண்டைக் காற்றுக்குமிழிகள் தெரிந்தால் கண்ணாடிதான்.

அப்புறம், உடைத்துக் காட்டிய மணிக்கும் சேர்த்துக் காசு வாங்கினாரா என்று நீங்கள் எழுதவில்லையே?