வீட்டை நாமே விற்றால் ஏஜெண்ட் கமிஷன் மிச்சமா?

கோலாலம்பூரில் 6 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) கோண்டோவை, அதாவது அடுக்குமாடி வீட்டை, ஏஜெண்ட் இல்லாமல் விற்கலாமா என்றால், தாராளமாக விற்கலாம். கமிஷன் உச்சவரம்பு 3 விழுக்காடு, அதாவது 18,000 வெள்ளி. அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 1,440. உச்சவரம்புதான், பேசிக் குறைக்கலாம். நேரடியாக வாங்க வருபவரும் அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்வார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உண்மையான சிக்கல் முன்பணத்தில்தான். வாங்குபவரின் வங்கிக் கடன் நிராகரிக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா, எத்தனை நாளில், என்று எழுத்தில் இல்லாவிட்டால் தகராறுதான். பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் (வாடிக்கையாளர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) கட்டச் சொல்லுங்கள்.

குத்தகை நிலமா? பட்டாவில் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருந்தால் அரசின் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். விளம்பரம் போடுமுன் பட்டாவைப் பாருங்கள்.