இருபத்து நாலு பிரஷ் எதுக்கு?

ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது என்று பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, வரும் கேள்விகளைப் பார்த்தாலே போதும். இந்த முறை குடியாத்தம் தொடங்கி ஆரணி வரை வந்தவற்றில் பெரும்பாலானவை மணப்பெண் மேக்கப் செய்பவர்கள் பிரஷ் பற்றிக் கேட்டவை. அதனால் மங்கு, முடி உதிர்தல் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்துவிட்டேன், ஆவணியில் முதல் கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. ஆன்லைனில் 24 பிரஷ், பையோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கடையில் ஒரே ஒரு நல்ல பவுடர் பிரஷுக்கே அந்த விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?
- குடியாத்தம் வாசகி

செட்டை விடுங்கள். அந்த 24-ல் நீங்கள் உண்மையில் கையில் எடுக்கப்போவது ஒன்பதோ பத்தோதான், மற்றவை பையை நிரப்ப வந்தவை. விசிறி பிரஷ் ஒன்று இருக்கும், புருவத்துக்கு என்று மூன்று இருக்கும், கண்ணுக்கு ஒரே அளவில் ஐந்து இருக்கும். காசு அத்தனைக்கும் பிரிந்து போவதால் முக்கியமான இரண்டு மூன்றும் சேர்ந்தே மட்டமாகிவிடும்.

ஃபவுண்டேஷனுக்கு அடர்த்தியான, தலை தட்டையாகவோ லேசாக உருண்டோ இருக்கிற செயற்கை இழை பிரஷ் ஒன்று. கரும்புள்ளி, கருவளையத்தை மறைக்கிற கன்சீலருக்குச் சின்னதாக ஒன்று. பவுடருக்குப் பெரிதாக, புசுபுசுவென்று ஒன்று, கண்ணுக்கடியில் பவுடர் வைக்க அதிலேயே குட்டி அளவு. கன்னத்துக்குச் சாய்வான தலை உள்ளது ஒன்று வாங்கினால் கன்னச் சிவப்புக்கான ப்ளஷ், முகத்துக்கு நிழல் கொடுக்கிற கான்டூர் இரண்டுக்கும் சமாளிக்கலாம், ஆனால் நடுவில் துடைக்க வேண்டும். கண்ணில் நிறத்தை அழுத்தி வைக்க ஒரு தட்டை பிரஷ், கலக்க இரண்டு ப்ளெண்டிங் பிரஷ். அதில் ஒன்று நிறமே படாமல் சுத்தமாக இருக்க வேண்டும், ஓரத்தை மழுப்புவதற்கு அதுதான். ஜெல் லைனருக்கு மெல்லியது, புருவத்துக்குச் சாய்ந்த முனை. அவ்வளவுதான். உதட்டுக்கும் மஸ்காராவுக்கும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற டிஸ்போசபிள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு வேகா, பிஏசி மாதிரி இங்கேயே கிடைக்கும் பிராண்டுகளில் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்தால் போதும்.

அப்புறம் கையில் காசு மிஞ்சினால் புதுப்புது வடிவமாகத் தேடாதீர்கள். ஃபவுண்டேஷன், பவுடர், ப்ளெண்டிங் இந்த மூன்றிலும் இன்னொன்று இன்னொன்று வாங்குங்கள். நம் பக்கத்துக் கல்யாணம் எப்படி நடக்கிறது? முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் நாலரை - ஆறு முகூர்த்தம். ராத்திரி பத்து, பத்தரைக்குப் பெண் மேடையிலிருந்து இறங்குவாள், நீங்கள் ரெண்டு மணிக்கெல்லாம் அவளை எழுப்பி மறுபடி உட்கார வைக்க வேண்டும். அடர்த்தியான ஃபவுண்டேஷன் பிரஷை அலசிப் போட்டால் அந்த இடைவெளியில் காயாது, ஐப்பசி மழைக் காலத்தில் மறுநாள் சாயங்காலம் வரைகூட உள்ளே ஈரம் இருக்கும், ஈர பிரஷில் எடுத்தால் ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாகத்தான் உட்காரும். இதற்கு நடுவில் பெண்ணின் அம்மா, சித்தி, மாப்பிள்ளை வீட்டு நாத்தனார் என்று ஒவ்வொருவராக வந்து "எனக்கும் லேசா போட்டு விடும்மா" என்பார்கள், எந்த பேக்கேஜிலும் அது எழுதியிருக்காது. எத்தனை வகை பிரஷ் இருக்கிறது என்று எண்ணாமல், எத்தனை முகத்துக்குச் சுத்தமான பிரஷ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் பார்த்து வாங்கலாமா, இல்லை பாரிமுனை, சௌகார்பேட்டை போனால்தான் நல்லது கிடைக்குமா? நல்ல பிரஷ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- ஆற்காடு வாசகி

எந்த ஊர் என்பது முக்கியமில்லை, தொட்டுப் பார்க்க விடுகிற கடையா என்று பாருங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாது என்கிற கடையில் விலை உயர்ந்த பிரஷ் வாங்காதீர்கள்.

முதலில் பிரஷை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சுழற்றுங்கள். குத்தினால், அந்த முனைகள் கத்தரியால் வெட்டி உருவம் கொடுத்தவை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆட்டு முடி, அணில் முடியில் இயற்கையாகவே முனை மெலிந்து கூராக இருக்கும், அதை வெட்டிவிட்டால் மிருது போய்விடும். ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் குமானோ என்று ஒரு ஊர், பிரஷ் செய்வதுதான் அங்கே பிரதான தொழில். அங்கே நல்ல பிரஷுக்கு முனையை வெட்டவே மாட்டார்கள், முடியை மர அச்சில் முனை கீழாக அடுக்கி அடுக்கியே உருட்டு வடிவம் கொண்டுவருவார்கள். 2011-ல் அந்த நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பை வென்றபோது அரசு விருதோடு சேர்த்துக் கொடுத்த பரிசு குமானோ மேக்கப் பிரஷ்கள்தான். பிரஷ் ஒன்று ஆயிரக்கணக்கில் ஏன் விலை போகிறது என்பதற்கு இந்தக் கைவேலைதான் காரணம். நமக்கு இப்போதைக்கு அது வேண்டாம், ஆனால் முனையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது, முடியையும் கைப்பிடியையும் இணைக்கிற உலோக வளையம். அதைப் பிடித்து லேசாகத் திருகுங்கள், ஆட்டுங்கள். ஆடினாலோ சத்தம் வந்தாலோ வைத்துவிடுங்கள், பசை சரியாகப் பிடிக்கவில்லை. முடியை விரலால் நீவி இழுத்தால் ஒன்றிரண்டு வரலாம், புது பிரஷில் அது சகஜம், முதல் இரண்டு அலசலிலும் கொஞ்சம் கொட்டும். கொத்தாக வந்தால் வேண்டாம். கடைசியாக, உள்ளங்கையில் அழுத்தி விடுங்கள், உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆன்லைனில் பெரிய பிராண்டின் பெயரும் நம்பரும் அச்சடித்து, உண்மை விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தால் அது என்ன என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கேள்வி: நிக்காஹ் மேக்கப்புக்குப் போன இடத்தில் பெண்ணின் பெரியம்மா, "இது பன்றி முடி இல்லையே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
- பேரணாம்பட்டு வாசகி

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பன்றி முடி விறைப்பானது, தலை சீவும் பிரஷிலும் சுவருக்கு வண்ணம் அடிக்கிற பிரஷிலும்தான் அதிகம் வரும். முகத்துக்கான பிரஷில் வழக்கமாக ஆடு, அணில், குதிரை முடி இருக்கும், இல்லையென்றால் நைலான், பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழை. ஆனால் அட்டையில் எழுதாத பிரஷுக்கு நீங்கள் உறுதி கொடுக்கக் கூடாது. ஒரு சோதனை உண்டு: உதிர்ந்த முடி ஒன்றைத் தீயில் காட்டுங்கள். மிருக முடி என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், நொறுங்குகிற சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சின்ன மணியாகத் திரளும். எந்த மிருகம் என்பது இதில் தெரியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தொழில் செய்கிறவர்கள் முழுக்கச் செயற்கை இழைக்கே மாறிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆரணி, போளூர் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பங்களிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் ஒரே பதில் சொல்லிவிடலாம். தரத்தில் நஷ்டம் எதுவும் இல்லை. கிரீம், திரவம் எல்லாவற்றுக்கும் செயற்கை இழைதான் நல்லது, வழவழப்பாக இருப்பதால் ஃபவுண்டேஷனைக் குடிக்காது. மிருக முடியின் மேல் நம் தலைமுடியில் இருப்பது போலவே நுண்ணிய செதில் உண்டு, பவுடர் அதில் தங்கும், அதனால் பவுடருக்கு அதை உசத்தியாகச் சொல்வார்கள். இப்போது நெளிவு கொடுத்த செயற்கை இழைகள் வந்துவிட்டன, அதிலும் பவுடர் நன்றாகவே நிற்கிறது.

இன்னொன்று. யாராவது கீரி முடி பிரஷ் என்று ரகசியமாகச் சொல்லி விற்றால் தொடவே தொடாதீர்கள். கீரி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷை வைத்திருந்தாலே குற்றம். ஓவியர்களின் பிரஷில்தான் இது அதிகம், 2019-ல் இதற்கென்றே நாடு முழுக்கச் சோதனை நடத்தினார்கள்.

கேள்வி: ஒரே மண்டபத்தில் மூன்று நான்கு முகம் வருகிறது. நடுவில் அலச நேரமில்லை. டிஷ்யூவில் துடைத்தால் போதாதா அக்கா?
- காட்பாடி வாசகி

போதாது. டிஷ்யூ நிறத்தை எடுக்கும், கிருமியை எடுக்காது. மெட்ராஸ் ஐ வந்த ஒரு கண்ணைத் தொட்ட பிரஷ் அடுத்த கண்ணுக்குப் போனால், ஊர் முழுக்க உங்கள் பெயர்தான் அடிபடும்.

70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் மெடிக்கல் ஷாப்பிலும் சர்ஜிக்கல் கடையிலும் கிடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் பேர்போன நம் ஊரில் அதற்கு அலையவே வேண்டாம். 99 சதவீதம் இன்னும் பலமாக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல அதில் கொஞ்சம் தண்ணீரும் இருக்க வேண்டும். முதலில் பிரஷை டிஷ்யூவிலோ பருத்தித் துணியிலோ நிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள், எண்ணெய்ப் பசையின் மேல் அடித்தால் ஆல்கஹால் உள்ளே போகாது. அப்புறம் ஸ்பிரே பண்ணி, மறுபடி துடைத்து, முழுசாக உலர விடுங்கள். உலராமல் கண் பக்கம் கொண்டு போனால் எரியும். இது அவசரத்துக்கான வழி, வீட்டுக்குப் போனதும் அலசியே ஆக வேண்டும். மணப்பெண் அறையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் முடி நேராக்குகிற மெஷின் சூடாக இருக்கும், அங்கே நின்று இதை அடிக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு.

லிப்ஸ்டிக்கையும் கிரீமையும் டப்பாவிலிருந்து நேராக எடுக்காமல், ஸ்பாட்டுலாவால் ஸ்டீல் தட்டில் எடுத்து வைத்துப் போடுங்கள். ஸ்பான்ஜ் ஒரு முகத்துக்கு ஒன்றுதான், அதன் உள்ளே வரை சுத்தம் பண்ண முடியாது. பேக்கேஜ் விலையில் அதையும் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் பெண்ணிடமே கொடுத்துவிடுங்கள். சந்தோஷப்படுவாள்.

கேள்வி: வாரா வாரம் சோப்புப் போட்டு அலசுகிறேன், ஆனாலும் பிரஷ் விறைத்துப் போகிறது. இரண்டு பிரஷின் தலையே கழன்று வந்துவிட்டது. மட்டமான சரக்கா?
- சத்துவாச்சாரி வாசகி

சரக்கு இருக்கட்டும், உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் விஷயம் அதுதான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை முறை அலசினாலும் போகாது, இன்னும் கொஞ்சம் ஏறும். கட்டி சோப்பை விட்டுவிட்டு மைல்டான ஷாம்பு போடுங்கள், அதில் இந்தப் படிவம் வராது. கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ செய்யுங்கள், ஒரு சொம்பு போதும்.

தலை கழன்றதற்குக் காரணம் வேறு. முழு பிரஷையும் ஊறப் போட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் ஈரத்தோடு டம்ளரில் நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். தண்ணீர் வளையத்துக்குள் இறங்கினால் பசை இளகும், மரக் கைப்பிடி ஊதி வெடிக்கும். அலசும்போது முடி கீழ்ப்பக்கமாகவே இருக்கட்டும், பிழிந்து உருவம் சரி பண்ணி, மேஜை ஓரத்தில் தலை வெளியே நீட்டியபடி படுக்க வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலைத்தான் சொல்ல வேண்டியதில்லையே, மொட்டை மாடியில் போட்டால் சீக்கிரம் காயும் என்று போட்டுவிடாதீர்கள், பசைக்கும் ஆகாது முடிக்கும் ஆகாது. மே மாதத்தில் கிட் பையைக் காருக்குள் விட்டுவிட்டு மண்டபத்தில் சாப்பிடப் போவதும் அதே கதைதான்.

கேள்வி: நல்ல ஃபவுண்டேஷன் பிரஷ்தான் வாங்கியிருக்கிறேன், ஆனால் கோடு கோடாகத் தெரிகிறது. போட்டோவில் அப்பியது போல இருக்கிறது.
- ஆரணி வாசகி

பிரஷைப் பெயிண்ட் அடிப்பது போல இழுக்கிறீர்கள். இழுக்காதீர்கள், ஒற்றுங்கள். புறங்கையில் கொஞ்சமாக எடுத்து, பிரஷின் முனையில் மட்டும் தொட்டு, கன்னத்தின் நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள், பிறகு சின்னச் சின்ன வட்டமாக லேசாகச் சுழற்றுங்கள். கையில் பாரமே இருக்கக் கூடாது. மாய்ஸ்சரைசர் போட்டு ஐந்து நிமிடமாவது விட்டீர்களா? அது உள்ளே இறங்குவதற்குள் ஃபவுண்டேஷன் போட்டால் எந்த பிரஷும் காப்பாற்றாது. ஃபவுண்டேஷனுக்கு முன்னால் போடுகிற சிலிகான் ப்ரைமருக்கு மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போட்டாலும் பிரிந்து திரிதிரியாக வரும். பவுடரையும் வீசித் தடவாமல் அழுத்தி வையுங்கள், முக்கியமாக மூக்கோரம், மேலுதடு. ஏசி மண்டபத்தில்கூட ஹோமப் புகைக்கு முன்னால் முதலில் வியர்ப்பது அங்கேதான்.

கேள்வி: ஒரு பிரஷை எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம்?
- ராணிப்பேட்டை வாசகி

வருஷக் கணக்கு கிடையாது. அலசிக் காய்ந்த பிறகும் வாடை வந்தால், குத்த ஆரம்பித்தால், முடி விரிந்து பழைய வடிவத்துக்கு வராவிட்டால் மணப்பெண் கிட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வாடை வருவதைக் குப்பையில் போடுங்கள், மற்றதை நகம் ராவிய தூள் தட்ட வைத்துக்கொள்ளலாம். ஆடியில் கையில் வேலை இருக்காது, இந்தக் கழித்துக்கட்டும் வேலையை அப்போதே முடித்துவிட்டால், ஆவணிக்கு எது எது புதிதாக வாங்க வேண்டும் என்று பட்டியல் தயாராக இருக்கும்.